வீட்டில் மோட்டார் பொருத்திய சைக்கிள்: பேட்டரியைத் தினமும் கழற்றி மாட்ட எந்த கனெக்டர்?

உப்பளக்காற்று (தூத்துக்குடி)

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய பழைய 26 அங்குல சைக்கிளின் பின்சக்கரத்தில் 48 வோல்ட், 350 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே அமரும் மோட்டார்) பொருத்தியிருக்கிறேன். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரின் மேல் 'அதிகபட்சம் 15 ஆம்பியர்' என்று அச்சிட்டிருக்கிறது. பேட்டரி 13 வரிசை லித்தியம் செல்கள். முழுச் சார்ஜில் 54.6 வோல்ட். நான் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் பிளக் பாயின்ட் கிடையாது. அதனால் தினமும் மாலையில் பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோய், காலையில் திரும்ப மாட்ட வேண்டும்.

பேட்டரியைக் கட்டிக் கொடுத்தவர், கார்களில் வருமே, சிவப்பு உறை போட்ட தட்டை லக், அதைத்தான் போட்டுத் தந்தார். நான்கு மாதம் ஓடியது. போன வாரம் துறைமுகச் சாலையில் கடும் எதிர்க்காற்றில் வந்துகொண்டிருந்தபோது மோட்டார் விட்டுவிட்டு இழுத்தது. பிறகு பிளாஸ்டிக் கருகும் வாடை. இறங்கிப் பார்த்தால் பாசிட்டிவ் லக்கின் உறை உருகி வழிந்து, தகரம் பழுப்பேறி, இணைப்பிலிருந்து நழுவி, சைக்கிளின் இரும்புச் சட்டத்துக்கு ஒரு விரல்கடைத் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அது சட்டத்தில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்து அன்று இரவு தூங்கவில்லை.

மூன்று யோசனைகள் இருக்கின்றன. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 16 ஆம்பியர் மூன்று பின் பிளக்கும் சாக்கெட்டும். உறுதியானது, எந்த ஊரிலும் கிடைக்கும். அடுத்தது எல்லோரும் சொல்லும் எக்ஸ்டி60 என்ற இரண்டு பின் பேட்டரி கனெக்டர். மூன்றாவது ஆண்டர்சன் என்ற தகடு வைத்த கனெக்டர். எதைப் போடலாம்? எங்கள் ஊரின் உப்புக்காற்றையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

காயில்கட்டி (கோவை)

தம்பி, மற்றதை எல்லாம் பிறகு பேசலாம். மூன்று பின் பிளக்கை இப்போதே மறந்துவிடுங்கள். முப்பது ஆண்டுகளாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் என்ற முறையில் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

அந்த பிளக்கால் 15 ஆம்பியரைத் தாங்க முடியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது எங்கே நுழையும் என்று யோசியுங்கள். பேட்டரியை மாடிக்குக் கொண்டுபோகிறீர்கள். அதன் வாலில் ஒரு மூன்று பின் பிளக் தொங்குகிறது. வீட்டில் ஒரு குழந்தையோ, விருந்துக்கு வந்த உறவினரோ, 'சார்ஜ் போட மறந்துவிட்டார் போல' என்று அதைச் சுவரில் செருகினால், 230 வோல்ட் ஏ.சி. நேராக லித்தியம் செல்களுக்குள் போகும். சாக்கெட்டைப் பேட்டரிப் பக்கம் வைத்தாலும் ஆபத்து தீராது. யாராவது அதில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பார்ப்பார்கள்.

எங்கள் பட்டறைக்கு ஒரு பேட்டரி வந்தது. சார்ஜ் செய்யும் வாய்க்குக் கம்ப்யூட்டர் பவர் கார்டு நுழையும் வடிவத்தில் சாக்கெட் வைத்திருந்தார்கள். வீட்டில் இருந்த கம்ப்யூட்டர் வயரைப் பையன் அதில் செருகிவிட்டான். செல்களைக் காக்கும் பிஎம்எஸ் பலகை கரியாகிவிட்டது. செல்கள் தீப்பிடிக்காதது அந்த வீட்டார் செய்த புண்ணியம். வீட்டு மின்சாரத்துக்கு உரிய எந்த வடிவத்தையும் பேட்டரியில் வைக்காதீர்கள். கனெக்டர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதைவிட, தவறான இடத்தில் நுழையுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சிறுவிமானி (ஓசூர்)

ஐயா சொல்வதை அப்படியே ஆமோதிக்கிறேன். நான் பத்து ஆண்டுகளாக ரிமோட் விமானங்கள் பறக்கவிடுகிறேன். எக்ஸ்டி60 எங்கள் உலகத்திலிருந்து சைக்கிளுக்கு வந்தது. உள்ளே 3.5 மி.மீ. தடிமனில் தங்கமுலாம் பூசிய பித்தளைப் பின்கள், வெளியே நைலான் உடல். தொடர்ச்சியாக 30 ஆம்பியர், சிறிது நேரத்துக்கு 60 ஆம்பியர் என்பது அதன் கணக்கு. பெயரில் இருக்கும் 60-ஐப் பார்த்து அதையே தொடர் மின்னோட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் 15 ஆம்பியருக்கு அது தாராளம். ஒரு பக்கம் சாய்வாக வெட்டியிருப்பதால் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறிச் செருக வழியே இல்லை. கன்ட்ரோலருக்கு ஒரு நொடி தலைகீழாக மின்சாரம் போனாலும் அதன் கதை முடிந்துவிடும் என்பதால் இது மிக முக்கியம்.

வாங்கும்போது அதைச் செய்யும் நிறுவனத்தின் பெயர் 'அமாஸ்' என்று உடலில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை இணையக் கடை ஒன்றில் பத்து ஜோடி மலிவாக வாங்கினேன். ஈயம் வைக்கும்போதே பிளாஸ்டிக் இளகிப் பின் சாய்ந்துவிட்டது. பத்தையும் குப்பையில் போட்டேன். சென்னை ரிச்சி தெருவுக்குப் போக முடிந்தால் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம்.

இன்னொன்று. பேட்டரிப் பக்கம் எப்போதும் பெண் கனெக்டர்தான் வர வேண்டும்.

உப்பளக்காற்று (தூத்துக்குடி)

மூன்று பின் யோசனையைக் கைவிட்டுவிட்டேன் ஐயா. சுவரில் செருகிவிடுவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எட்டு வயதில் மகள் இருக்கிறாள். நன்றி.

சிறுவிமானி அண்ணா, எது பெண் என்பதில் எனக்குக் குழப்பம். படத்தில் பார்த்தால், துருத்திய பின் இருக்கும் பாகத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கிறது. மற்றது அந்தக் கூட்டுக்குள் போய் நுழைகிறது. அப்படியானால் நுழைவது ஆணா, பெண்ணா?

இன்னொரு கேள்வி: கருகிய லக்கும் 15 ஆம்பியர் தாங்கும் என்றுதான் சொன்னார்கள். என் கன்ட்ரோலரும் 15-தான். பிறகு ஏன் எரிந்தது?

சிறுவிமானி (ஓசூர்)

பிளாஸ்டிக்கைப் பார்க்காதீர்கள், உலோகத்தைப் பாருங்கள். உலோகம் துருத்திக்கொண்டிருந்தால் ஆண். உலோகம் துளையாக உள்ளே ஒளிந்திருந்தால் பெண். பேட்டரியைச் சுவிட்ச் போட்டு அணைத்துவைக்க முடியாது. அதன் வாயில் எந்நேரமும் 54 வோல்ட் நிற்கிறது. அதனால் உலோகம் ஒளிந்திருக்கும் பாகம்தான் பேட்டரிக்கு வர வேண்டும். நீங்கள் மாடிப்படி ஏறும்போது சட்டைப் பையில் இருக்கும் சாவிக்கொத்தோ, கைச் சங்கிலியோ அதில் பட்டாலும் எதுவும் ஆகாது. 54 வோல்ட் டி.சி. உலர்ந்த கையில் பெரிதாக அடிக்காது. ஆனால் ஒரு மோதிரம் இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டால், விரலில் இருக்கும்போதே அது பழுக்கக் காய்ந்துவிடும். எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் விரலில் அந்தத் தழும்பு வளையமாக இன்றும் இருக்கிறது.

நீலாம்பல் (திருப்பெரும்புதூர்)

லக் ஏன் எரிந்தது என்பதற்கு நான் பதில் சொல்கிறேன். வாகன வயரிங் செய்யும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். இதுதான் என் அன்றாடம்.

சிவப்பு உறை போட்ட லக் என்றீர்கள். அந்த நிறங்கள் அழகுக்காக வைத்தவை அல்ல. சிவப்பு என்றால் 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. வயருக்கு. நீலம் 1.5 முதல் 2.5 வரை. மஞ்சள் 4 முதல் 6 வரை. உங்கள் பேட்டரி வயர் எப்படியும் இரண்டரை ஸ்கொயர் இருக்கும். அது சிவப்பு லக்கின் கழுத்துக்குள் நுழையாது என்பதால் சில இழைகளை வெட்டிவிட்டு மீதியை நுழைத்து, சாதாரணக் குறடால் அமுக்கியிருப்பார்கள். கழற்றிய லக்கைப் பிரித்துப் பாருங்கள், வெட்டிய இழைகள் தெரியும்.

இனி சூட்டுக் கணக்கு. இணைப்பில் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் தடை. இணைப்பின் தடை ஒரு மில்லி ஓம் என்றால், 15 ஆம்பியரில் 225 மில்லி வாட். கையால் தொட்டாலும் தெரியாத சூடு. அதே இணைப்பு தளர்ந்து, உப்பேறி, 10 மில்லி ஓம் ஆகிவிட்டால் 2.25 வாட். ஒரு நகத்தளவு தகரத்தில் இரண்டே கால் வாட் என்பது அதிகம். சூட்டில் தகரத்தின் விறைப்பு போகிறது. பிடி தளர்கிறது. தடை இன்னும் ஏறுகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு அது தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். தட்டை லக் காருக்குள் ஒரு முறை செருகிப் பல ஆண்டு கழற்றாமல் விடுவதற்காகச் செய்தது. நீங்கள் தினமும் ஒரு முறை மாட்டி ஒரு முறை கழற்றினால் நான்கு மாதத்தில் இருநூற்று நாற்பது அசைவுகள். அது அந்த லக்கின் வேலையே இல்லை.

எதிர்க்காற்றில் எரிந்ததும் தற்செயல் அல்ல. சமதரையில் காற்றில்லாமல் போகும்போது உங்கள் மோட்டார் ஐந்தாறு ஆம்பியர்தான் இழுத்திருக்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அதை எதிர்த்துக்கொண்டு போனால் கன்ட்ரோலர் தன் உச்ச வரம்பிலேயே நிற்கும். மின்னோட்டம் மூன்று மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்கு.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

வணக்கம். 2022-இல் இங்கே எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில்தான் நான் என் சைக்கிளை மின்சாரத்துக்கு மாற்றினேன். பிறகு அயலில் உள்ளவர்களுக்கும் செய்து கொடுத்தேன். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஆண்டர்சன் பவர்போல்தான் போட்டேன். அதைப் பற்றி ஒருவரும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

அதில் ஆண், பெண் என்ற பேச்சே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே உரு. உள்ளே தட்டையான தகடு ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு அமரும். ஒவ்வொரு முறை செருகும்போதும் அந்தத் தேய்ப்பில் மேற்பரப்பு சுத்தமாகிறது. கழற்றும்போது பொறி பறந்தாலும் அது தகட்டின் நுனியில்தான் பறக்கும். மின்சாரம் ஓடும் இடம் வேறு, அது கருகாது. 15, 30, 45 ஆம்பியர் தகடுகள் மூன்றும் ஒரே கூட்டுக்குள் போகும் என்பதால், ஒரே வகைக் கூட்டை வாங்கி வைத்தால் போதும். சாலிடரும் தேவையில்லை. பட்டரியைத் தினமும் கழற்றுகிற ஆளுக்கு எக்ஸ்டி60 ஒரு தண்டனை. புதிதில் அதை இழுத்துக் கழற்ற இரண்டு கையும் வேண்டும். வயதானவர்களால் முடியாமல் வயரைப் பிடித்து இழுப்பார்கள்.

சிறுவிமானி (ஓசூர்)

இழுப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கைப்பிடி வைத்த எக்ஸ்டி60 உறைகள் கிடைக்கின்றன. அதைப் போட்டால் கொஞ்சம் எளிது.

ஆனால் ஆண்டர்சனில் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. ஒன்று, அதன் வாய் திறந்தே இருக்கிறது. மழைச் சாரலும் உப்பும் நேரே தகட்டுக்குப் போகும். இரண்டாவது, அதைப் பிடித்து வைத்திருப்பது தகட்டின் அழுத்தம் மட்டும்தான். நம் சாலைகளின் குலுக்கலில் மெல்ல மெல்ல விலகும். ஆண், பெண் இல்லை என்பது வசதிதான். ஆனால் அதே காரணத்தால் பேட்டரியின் வாயும் சார்ஜரின் வாயும் கன்ட்ரோலரின் வாயும் ஒன்றாகிவிடுகின்றன. வீட்டில் 36 வோல்ட் சைக்கிள் ஒன்றும் 48 வோல்ட் சைக்கிள் ஒன்றும் இருந்தால், ஒன்றின் சார்ஜர் மற்றதன் பேட்டரியில் நுழையும்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

விலகும் என்பது உண்மை, தம்பி. நான் எப்போதும் இரண்டையும் சேர்த்து ஒரு கிளிப் போடுவேன், இல்லாவிட்டால் மெல்லிய கயிற்றால் கட்டுவேன். கட்டாமல் விட்ட ஒரு வண்டி பலாலி வீதியில் நடுவழியில் நின்றதும் உண்டு. உப்பைப் பற்றிச் சொன்னதற்கும் என்னிடம் மறுப்பு இல்லை. கடற்கரையோரத்தில் மீன் ஏற்றும் ஒருவரின் வண்டியில் ஓராண்டில் தகடு பச்சை பூத்துவிட்டது.

சரி, தூத்துக்குடித் தம்பிக்கு எக்ஸ்டியே இருக்கட்டும். ஆனால் ஒருவரும் மோட்டர் பக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. பின்சக்கரத்தில் பஞ்சர் ஆனால் என்ன செய்வீர்கள்? மோட்டரிலிருந்து வரும் வயர் அச்சின் துளை வழியே வெளியே வருகிறது. சட்டத்தில் கழற்றும் இணைப்பு இல்லாவிட்டால் சக்கரம் வெளியே வராது. பஞ்சர் கடையில் வயரை வெட்டிவிட்டு, பிறகு முறுக்கிச் சுற்றித் தந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். மோட்டருக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடித்த ஃபேஸ் வயர் மூன்று, மோட்டர் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் மெல்லிய ஹால் வயர் ஐந்து. நிறம் மாறிக் கட்டினால் மோட்டர் உதறும், அல்லது பின்பக்கம் சுற்றும், ஓடாமலே சூடேறும்.

உப்பளக்காற்று (தூத்துக்குடி)

அண்ணை, என் வண்டியில் அந்த எட்டு வயர்களும் கன்ட்ரோலர் பெட்டிக்குள் தனித்தனிப் புல்லட் கனெக்டர்களில்தான் இருக்கின்றன. பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றாமல் டியூபை மட்டும் வெளியே எடுத்து ஒட்டச் சொல்வேன்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

ஒட்டுவதற்கு அது போதும். ரயர் மாற்றும் நாளில் போதாது. ஒன்பது பின் உள்ள, ஜூலெட் என்றும் ஹைகோ என்றும் சொல்லும் உருண்டைக் கனெக்டர் மோட்டருக்கே பொருத்தி வருவதுண்டு. ஃபேஸ், ஹால் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும், தண்ணீரும் புகாது. உங்கள் அளவு மோட்டருக்கு அது சரி. செருகும்போது இரண்டு பக்கமும் உள்ள அம்புக்குறி நேருக்கு நேர் வர வேண்டும். முறுக்கவே கூடாது, முறுக்கினால் உள்ளே பின் வளைந்துவிடும். மோட்டரில் அது இல்லையென்றால், ஃபேஸ் மூன்றுக்கும் எம்டி60. எக்ஸ்டி60-இன் அதே 3.5 மி.மீ. பின்கள், ஆனால் மூன்று. தவறாகச் செருக முடியாத உரு. ஹால் ஐந்துக்கும் ஜேஎஸ்டி-எஸ்எம் என்ற ஆறு பின் சிறு கனெக்டர் ஒன்று. இதைத் தினமும் கழற்றப் போவதில்லை, ஆண்டுக்கு இரண்டு முறைதான். அதனால் இங்கே எளிதாகக் கழல்வது முக்கியமில்லை. மாறிச் செருக முடியாமல் இருப்பதும் தண்ணீர் தங்காமல் இருப்பதும்தான் முக்கியம்.

காயில்கட்டி (கோவை)

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். அச்சுக்குப் பக்கத்தில் வயர் முதலில் கீழ்நோக்கி வளைந்து பிறகு மேலே ஏற வேண்டும். மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து அந்த வளைவில் சொட்டிவிடும், மோட்டாருக்குள் போகாது. கனெக்டர் எதுவானாலும் வாய் வானத்தைப் பார்த்து இருக்கக் கூடாது.

உப்பளக்காற்று (தூத்துக்குடி)

எக்ஸ்டி60 வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு சந்தேகம் மட்டும். லக் இருந்த காலத்திலேயே, பேட்டரியை மாட்டும் ஒவ்வொரு முறையும் 'டப்' என்று பொறி பறக்கும். சாவியை அணைத்துவைத்தாலும் பறக்கும். எக்ஸ்டியிலும் பறக்குமா?

சிறுவிமானி (ஓசூர்)

பறக்கும். கன்ட்ரோலருக்குள் பெரிய மின்தேக்கிகள் இருக்கின்றன. சாவி, கன்ட்ரோலரின் மூளைக்குப் போகும் மெல்லிய வயரைத்தான் துண்டிக்கிறது. மின்தேக்கிகள் எப்போதும் பேட்டரியோடு நேராக இணைந்தவை. காலியாக இருக்கும் மின்தேக்கி, மாட்டிய கணத்தில் கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட்தான். நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரு கண்சிமிட்டலுக்குப் பாயும். ஒவ்வொரு பொறியும் பின்னின் தங்கமுலாமில் ஒரு சிறு குழி தோண்டும். தினமும் தோண்டினால் ஒரு வருடத்தில் மேற்பரப்பு சொரசொரப்பாகி, நீலாம்பல் சொன்ன தடை ஏறத் தொடங்கும்.

உங்களைப் போல் தினமும் மாட்டுகிறவருக்கு எக்ஸ்டி90-எஸ் சரியானது. இதில் 4.5 மி.மீ. பின். மின்னோட்டத்துக்காக இதை நான் சொல்லவில்லை, அதற்கு 60 போதும். இதன் உள்ளே 5.6 ஓம் தடை ஒன்று இருக்கிறது. செருகும்போது முதலில் அந்தத் தடை வழியாக மின்தேக்கி நிரம்புகிறது. இன்னும் அழுத்தினால் நேரடி இணைப்பு. 54.6 வோல்ட்டை 5.6-ஆல் வகுத்தால் முதல் பாய்ச்சல் பத்து ஆம்பியருக்குள் அடங்கிவிடும். மின்தேக்கி 1000 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் நிரம்பிவிடும். அவசரப்படாமல் ஒரே சீராக அழுத்தினால் போதும். பாதி செருகிய நிலையில் விட்டுவிட்டு விளக்கையோ மோட்டாரையோ இயக்கிவிடாதீர்கள். அந்தச் சின்னத் தடை அதற்காக வைத்ததல்ல, எரிந்துவிடும். பச்சை வளையம் இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். ஜோடியாகவே வாங்குங்கள்.

உப்பளக்காற்று (தூத்துக்குடி)

இவ்வளவு பணம் செலவழிப்பதற்குப் பதிலாக வீட்டு எம்சிபி ஒன்றை வைத்து, அதை அணைத்துவிட்டுக் கழற்றினால் என்ன? ஷார்ட் ஆனாலும் அது காப்பாற்றுமே?

காயில்கட்டி (கோவை)

தம்பி, வீட்டு எம்சிபி ஏ.சி.க்கு உரியது. ஏ.சி. ஒரு நொடியில் நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது. எம்சிபி திறக்கும்போது எழும் தீப்பொறி, அந்தப் பூஜ்யத்தில்தான் அணைகிறது. டி.சி.யில் பூஜ்யம் வருவதே இல்லை. பொறி நூல் பிடித்தாற்போல் நின்று எரியும். டி.சி.க்கென்றே செய்த எம்சிபி சோலார் கடைகளில் கிடைக்கும். ஆனால் சைக்கிளின் குலுக்கலுக்கு அது பெரிது.

காப்புக்கு ஃபியூஸ் போடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் வயர் வெளியே வரும் இடத்துக்கு மிக அருகில், கனெக்டருக்கு முன்னால். கார் ஃபியூஸ் வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலானவற்றில் 32 வோல்ட் என்று சிறிதாக எழுதியிருக்கும், உங்களுடையது 54.6. 58 வோல்ட் என்று எழுதிய அதே வடிவ ஃபியூஸ் இருக்கிறது, அதில் 25 அல்லது 30 ஆம்பியர் போதும். ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரைப் பிடுங்குவதும் கூடாது. ஆக்சிலேட்டரை விட்டு, சாவியை அணைத்து, பிறகுதான் கழற்ற வேண்டும்.

நீலாம்பல் (திருப்பெரும்புதூர்)

சாலிடர் செய்யும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் தவறுகிறார்கள். 25 வாட் சாலிடரிங் அயர்ன் வேண்டாம். அது பின்னைச் சூடாக்கவே நேரம் எடுக்கும், அதற்குள் நைலான் இளகிவிடும். 60 வாட்டுக்குக் குறையாமல், பட்டை நுனியோடு எடுத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போது எதிர் ஜோடியைச் செருகியே வையுங்கள், பின் அசையாது. வயர் அமரும் பின்னின் கிண்ணத்திலும் வயர் நுனியிலும் தனித்தனியே ஈயம் ஏற்றிவிட்டுப் பிறகு சேருங்கள். பேட்டரி வயர் இரண்டையும் ஒரே நேரத்தில் உரிக்காதீர்கள். ஒன்றை முடித்து உறையிட்ட பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

ஈயம் வயருக்குள் ஊறி ஏறிய இடம் வரை அது கம்பிபோல் விறைத்துவிடும். குலுக்கலில் அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் இழைகள் அறுபடும். அதனால் சூடு காட்டினால் சுருங்கும் சுருக்கு உறை அந்த எல்லையைத் தாண்டி இரண்டு செ.மீ. வயரையும் மூட வேண்டும். அதற்கு அப்பால் வயரைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். இழுவிசை கட்டில் நிற்கட்டும், ஈயத்துக்கு வர வேண்டாம்.

உப்புக்காற்றுக்கு சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாக, பின்னின் மேல் ஒரு பூச்சு. கழற்றிய நேரத்தில் இரண்டு வாய்க்கும் ரப்பர் மூடி.

உப்பளக்காற்று (தூத்துக்குடி)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பேட்டரிக்கு எக்ஸ்டி90-எஸ், பெண் பக்கம். மோட்டாருக்கு எம்டி60-உம் ஜேஎஸ்டி-எஸ்எம்-உம். சார்ஜ் செய்யும் வாயை எக்ஸ்எல்ஆர் என்ற உருண்டையான மூன்று பின் கனெக்டராக மாற்றிவிட்டேன். இனி வீட்டில் எதுவும் எதிலும் தவறி நுழையாது. 58 வோல்ட், 30 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரிப் பைக்குள்ளேயே இருக்கிறது. பொறி முற்றிலும் நின்றுவிட்டது.

நீலாம்பல் அவர்கள் சொன்னபடி கருகிய லக்கைப் பிரித்தேன். வயரில் கிட்டத்தட்டப் பாதி இழைகள் வெட்டப்பட்டிருந்தன.

அவர்களுடைய கணக்கைச் சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. கனெக்டரின் இரு பக்கமும் மெல்லிய வயரை ஈயம் வைத்து, மல்டிமீட்டரை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு, கன்ட்ரோலர் உச்சத்தில் இழுக்கும்படி மேம்பாலம் ஏறினேன். புதிய கனெக்டரின் பாசிட்டிவ் இணைப்பில் 14 மில்லி வோல்ட். பிறகு எரியாமல் தப்பிய பழைய நெகட்டிவ் லக்கைத் தற்காலிகமாக இணைத்து அதே மேம்பாலத்தில் மெல்ல ஏறிப் பார்த்தேன்: 310 மில்லி வோல்ட். 15 ஆம்பியரில் நாலரை வாட்டுக்கு மேல். வெளியே பார்க்க அது நல்ல லக்போலத்தான் இருந்தது. உடனே கழற்றி எறிந்துவிட்டேன்.

காயில்கட்டி (கோவை)

நல்ல வேலை, தம்பி. அளந்து பார்க்க வைத்த அந்த மெல்லிய வயர்களை அப்படியே விட்டுவிடுங்கள், நுனிக்கு மட்டும் தனித்தனியே உறை போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் அதே மேம்பாலத்தில் அதே மீட்டரை வைத்து மறுபடி அளந்து இங்கே எழுதுங்கள். இருபது மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் தொட வேண்டாம். ஐம்பதைத் தாண்டினால் துடைத்துப் பார்க்காதீர்கள், ஜோடியையே மாற்றிவிடுங்கள்.